டாக்டர் வீட்டு ஸ்டாண்டர்டு கம்பானியனுக்கு எந்த விலை நியாயம்?

செக்குக்காரர், கொழிஞ்சாம்பாறை:

வணக்கம். பாலக்காடு மாவட்டம் கொழிஞ்சாம்பாறையில் கடலை எண்ணெய்ச் செக்கு நடத்துகிறேன். பழைய வண்டிகள் மீது சிறு வயதிலிருந்தே ஆசை உண்டு, ஆனால் இதுவரை வாங்கியது ஒரு ராஜ்தூத் மோட்டார் சைக்கிள் மட்டும்தான். இப்போது ஒரு காருக்கு நானே விலை சொல்ல வேண்டியிருக்கிறது. நான்கு நாட்களாகச் சொல்லத் தெரியாமல் தவிக்கிறேன்.

வேலந்தாவளம் போகும் சாலையில் ஒரு தென்னந்தோப்பு வீடு இருக்கிறது. அங்கே நாற்பது ஆண்டுகளுக்கு மேல் வைத்தியம் பார்த்த டாக்டர் 2011-இல் காலமானார். அவர் மனைவியை ஊரே டாக்டரம்மா என்றுதான் அழைக்கும். வயது எண்பத்திரண்டு. மகள் திருச்சூரில், மகன் வெளிநாட்டில். தோப்பைக் குத்தகைக்கு விட்டுவிட்டு மகளோடு போய் இருக்கப்போகிறார். கொட்டகையில் நிற்கும் வண்டியை என்ன செய்வது என்று என்னைக் கூப்பிட்டுக் கேட்டார்.

அது 1969-ஆம் ஆண்டு ஸ்டாண்டர்டு கம்பானியன். கே.எல்.பி. என்று தொடங்கும் பழைய பாலக்காட்டுப் பதிவு எண். அதே நிறுவனத்தின் ஹெரால்டு காரின் கூரையைக் கடைசி வரை நேராகக் கொண்டுபோய், பின்னால் ஐந்தாவதாக ஒரு கதவு வைத்த ஸ்டேஷன் வேகன். டாக்டர் அதை ஆம்புலன்ஸ் போலவே வைத்திருந்தார். பின் இருக்கையை மடித்துப் பாய் விரித்து, நோயாளியைப் படுக்க வைத்துப் பாலக்காட்டுக்குக் கொண்டுபோவார். 1984-இல் என் அம்மாவுக்குப் பிரசவ வலி எடுத்தபோது அப்படித்தான் கொண்டுபோனார். என் அக்கா நல்லபடியாகப் பிறந்தாள். அந்தப் பின்கதவைப் பார்க்கும்போதெல்லாம் அம்மா அந்த இரவைச் சொல்லுவார்.

2004-க்குப் பிறகு வண்டி ஓடவில்லை. கோவை வாகனத் தரகர் ஒருவர் வந்து பார்த்து 40,000 என்றார். கொச்சியிலிருந்து ஒருவர் படங்களை மட்டும் பார்த்துவிட்டுத் தொலைபேசியில் 8 லட்சம் வரை போகும் என்றார். டாக்டரம்மா இரண்டையும் கேட்டுக்கொண்டு, "எனக்கு ஒன்றும் தெரியாது தம்பி. வண்டியை நீயே எடுத்துக்கொள். விலையையும் நீயே சொல். நீ சொன்னால் சரியாகத்தான் இருக்கும்" என்றார்.

அந்தக் கடைசிச் சொல்தான் என்னைத் தூங்கவிடவில்லை. பேரம் பேசுகிறவரிடம் பேரம் பேசலாம். நம்பி ஒப்படைக்கிறவரிடம் என்ன எண்ணைச் சொல்வது? அவரை ஏமாற்றிய விலையாகவும் இருக்கக் கூடாது, செக்கை அடகு வைக்கும் விலையாகவும் இருக்கக் கூடாது. இந்த வண்டியைத் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

மலம்புழைவாசி, பாலக்காடு:

நானும் பல ஆண்டுகளாகப் பழைய வண்டிக் கண்காட்சிகளுக்குப் போகிறேன். ஹெரால்டு பார்த்திருக்கிறேன், அதற்குப் பின் வந்த கெசல் காரும் பார்த்திருக்கிறேன். கம்பானியன் ஒன்றைக்கூடப் பார்த்ததில்லை. கொச்சிக்காரர் சொன்ன 8 லட்சம் அதிகமே இல்லை. பார்க்கவே கிடைக்காத பொருளுக்கு விலை பார்க்கக் கூடாது. கடன் வாங்கியாவது எடுத்துவிடுங்கள்.

பழைய ஸ்பேனர், பொள்ளாச்சி:

தம்பி, கடன் வாங்காதே. முதலில் நான் சொல்வதைக் கேள்.

1976-இல், பதினாறு வயதில், கோவையில் ஒரு பட்டறையில் வேலை பழகச் சேர்ந்தேன். பிறகு முப்பது ஆண்டுகள் பொள்ளாச்சியில் சொந்தப் பட்டறை. நான் முதன்முதலில் தனியாக எஞ்சின் இறக்கிய வண்டி ஹெரால்டுதான். பானெட்டைத் தூக்கினால் மட்கார்டு, முகப்பு விளக்கு உட்பட மூக்கு முழுவதும் முன்பக்கமாகக் கவிழும். டயர் மேல் உட்கார்ந்துகொண்டே வேலை பார்க்கலாம். குனிந்து குனிந்து முதுகு ஒடியும் எங்கள் தொழிலில் அது பெரிய வரம். அதனால் இந்த வண்டி மீது எனக்கு இருக்கும் பிரியத்தையும் கழித்துக்கொண்டே நான் சொல்வதை எடுத்துக்கொள்.

"அரிது" என்ற சொல்லை ஓரமாக வை. மூன்று வண்டி இருந்து அதைப் பத்துப் பேர் தேடினால் விலை ஏறும். மூன்று வண்டியை மூன்று பேர்தான் தேடுகிறார்கள் என்றால் ஏறாது. நம் பக்கம் பழைய பென்ஸையும் செவர்லேயையும் தேடுகிறவர்கள் நிறையப் பேர். ஸ்டேஷன் வேகனைத் தேடுகிறவர்கள் கொஞ்சம். அதிலும் கம்பானியன் என்று பெயர் சொல்லித் தேடுகிறவர்கள் விரல் விட்டு எண்ணக்கூடியவர்கள். பார்க்காமல் சொன்ன 8 லட்சம் விலையே அல்ல. வந்து, படுத்து, அடியில் டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு ஒருவர் சொல்வதுதான் விலை.

இது எப்படிப்பட்ட வண்டி என்று தெரிந்தால்தான் எதற்குப் பணம் கொடுக்கிறாய் என்று புரியும். இங்கிலாந்தில் ட்ரையம்ஃப் ஹெரால்டு 1959-இல் வந்தது. வடிவம் இத்தாலியரான ஜியோவன்னி மிக்கேலோட்டியுடையது. சென்னைக்குத் தெற்கே வண்டலூரில் இருந்த ஸ்டாண்டர்டு நிறுவனம் 1961-இல் இங்கே செய்யத் தொடங்கியது, 948 சி.சி. எஞ்சினோடு. இங்கிலாந்து ஹெரால்டுக்குப் பக்கத்துக்கு ஒரு கதவுதான், அங்கே வந்த வேகனுக்கும் அப்படியே. பக்கத்துக்கு இரண்டு கதவு வைத்த காரும், அதற்கு மேல் பின்கதவும் வைத்த உன் வேகனும் இந்தியாவுக்கென்றே செய்தவை. 1972-இல் கெசல் வந்ததும் பின் அச்சையே மாற்றிவிட்டார்கள்.

இதன் பலனைக் கவனி. எஞ்சின், கியர்பாக்ஸ், முன் சஸ்பென்ஷன், பிரேக் எல்லாவற்றுக்கும் இங்கிலாந்தில் இன்றும் புதுச் சாமான் கிடைக்கும். அங்கே இந்தக் குடும்பத்து வண்டிகளை ஆசையாக வைத்திருப்பவர்கள் ஏராளம். கப்பல் கூலியும் சுங்கமும் கொடுத்தால் வீட்டுக்கு வரும். ஆனால் உன் வண்டியின் பின் பக்கக் கதவுகள், அவற்றின் கண்ணாடி, கூரையின் பின்பாதி, கடைசி ஜன்னல்கள் இவை உலகத்தில் எந்தக் கடையிலும் இல்லை. இன்னொரு கம்பானியனைக் கழற்றினால்தான் உண்டு. முன்பாதியைக் காசு கொடுத்து மீட்டுவிடலாம். பின்பாதி ஒன்றுக்குத்தான் நீ இப்போது விலை கொடுக்கிறாய். ஆகவே உன் கண் முதலில் பின்னால் போகட்டும். கண்ணாடிகள் எல்லாம் இருக்கின்றனவா? பின்கதவின் கீல், பூட்டு, கைப்பிடி? மடிக்கும் இருக்கையின் பலகையும் தாழ்ப்பாளும்? பின் விளக்கு மூடிகள்? ஒன்றையும் விடாமல் எழுதிக்கொள்.

பிறகு அடியில் போ. ஹெரால்டுக்குத் தனிச் சேஸி, அதாவது அடிச்சட்டம். உடம்பைப் பகுதி பகுதியாக போல்ட் போட்டு அதன் மேல் உட்கார வைத்திருப்பார்கள். இது நல்லதும் கெட்டதும். துருப்பிடித்த பகுதியை மட்டும் கழற்றி வேலை செய்யலாம். ஆனால் சேஸியிலிருந்து பக்கவாட்டில் நீளும் கைகள் துருப்பிடித்துப் போயிருந்தால், மேலே பெயின்ட் பளபளத்தாலும் கதவு தொங்கும். ஒவ்வொரு கதவையும் திறந்து மெதுவாக விடு. தானாகப் பூட்டில் போய் உட்கார்ந்தால் சேஸி இன்னும் நேராக இருக்கிறது என்று அர்த்தம். மேலே தூக்கித் தள்ளினால்தான் சாத்த முடிகிறது என்றால் எழுதிக்கொள். கடையில் ஒரு சிறு காந்தம் வாங்கித் துணியில் சுற்றி உடம்பு முழுவதும் வைத்துப் பார். பட்டி பூசிய இடத்தில் ஒட்டாது. உங்கள் ஊர் காய்ந்த ஊர், கடற்கரைத் துரு இருக்காது. ஆனால் கொட்டகையில் மாடு கட்டியிருந்தார்களா என்று கேள். தொழுவத்து ஈரம் உப்புக்காற்றுக்குக் குறைந்ததல்ல.

முன் சக்கரத்தைத் தாங்குவது ட்ரன்னியன் என்ற வெண்கலத் துண்டு. நெட்டுத்தண்டின் மரை அதற்குள்தான் திருகியிருக்கும். அதற்குக் கெட்டியான கியர் ஆயில் விட வேண்டும். நம்மூரில் எல்லாரும் கிரீஸ் அடித்தார்கள். நானும் முதல் இரண்டு ஆண்டுகள் கிரீஸ்தான் அடித்தேன், எனக்குச் சொல்லிக்கொடுத்தவர் அப்படிச் செய்ததால். கிரீஸ் காய்ந்து, மரையில் தண்ணீர் ஏறி, தண்டு துருப்பிடித்து ஒடியும். ஒடிந்தால் சக்கரம் மடங்கி வண்டி மூக்கு குத்தும். 1978-இல் உடுமலைச் சாலையில் எங்கள் பட்டறை வாடிக்கையாளர் ஒருவருக்கு அப்படி ஆயிற்று. மெதுவாகப் போனதால் உயிர் பிழைத்தார். ஆகவே அந்தச் செலவைக் கட்டாயமாக வைத்துக்கொள். இல்லை என்று யார் சொன்னாலும் வை.

எஞ்சின் இருபது ஆண்டு நின்றதால் இறுகியிருக்கலாம். பிளக்குகளைக் கழற்றி எண்ணெய் விட்டு நான்கு நாள் காத்திரு, பிறகு கையால் சுற்றிப் பார். அவசரப்பட்டு இழுத்து ஸ்டார்ட் செய்யாதே. எஞ்சின் முன்னால் இருக்கும் கிராங்க் புல்லியை முன்னும் பின்னும் தள்ளிப் பார். மயிரிழை அசைவு இருக்கலாம். கண்ணுக்கு நன்றாகத் தெரியும்படி, டக்கென்ற சத்தத்தோடு நகர்ந்தால் உள்ளே கிராங்க் தண்டை நகராமல் பிடிக்கும் த்ரஸ்ட் வாஷர் விழுந்துவிட்டது, எஞ்சின் பிளாக்கே போயிருக்கலாம். இந்த எஞ்சின் வகைக்கு அது பழைய நோய்.

இப்போது கணக்கு. பணி முழுவதும் முடித்து, ஓடும் நிலையில், ஒழுங்கான ஆவணத்தோடு ஒரு நான்கு கதவு ஹெரால்டை நான் 2022-இல் 3,60,000-க்கு விற்றேன். வாங்கியவர் இரண்டு முறை வந்து பார்த்துவிட்டுத்தான் பணம் கொடுத்தார். வேகன் என்பதற்காக அதன் மேல் நல்ல தொகையே சேர்ப்பேன். 5 லட்சம் என்று வை. அது வேலை முடிந்த வண்டியின் விலை. கொட்டகையில் நிற்பது அது அல்ல. டிங்கரிங்கும் பெயின்டும் 1,30,000. எஞ்சின் 60,000. முன் சஸ்பென்ஷனும் பின்னால் குறுக்கே படுத்திருக்கும் ஸ்பிரிங் பட்டைகளும் 35,000. பிரேக் 20,000, வயரிங் 15,000, ஐந்து டயர் 20,000, இருக்கைத் தையல் 30,000. ஆக 3,10,000. பழைய வண்டியைப் பிரித்தால் எதிர்பாராதது ஒன்று வந்தே தீரும், அதற்குப் பத்தில் ஒரு பங்கு, 31,000. ஐந்து லட்சத்திலிருந்து 3,41,000 போனால் நிற்பது 1,59,000. இதில் தொடங்கு. பின்பாதியில் குறை இருந்தால் இறக்கு, நான் நினைத்ததைவிட நன்றாக இருந்தால் ஏற்று.

இன்னொன்று. உன் அம்மாவைக் கொண்டுபோன நன்றியை இந்தக் கணக்கில் சேர்க்காதே. சேர்த்தால் அந்த அம்மாவுக்குத் தருமம் கொடுப்பதுபோல் ஆகிவிடும். அவர் வண்டியை விற்கிறார். வண்டியின் விலை அவருக்கு வரட்டும். நன்றியைச் செலுத்த உனக்கு வேறு நாட்கள் இருக்கின்றன.

தாள்காரன், சித்தூர் (பாலக்காடு மாவட்டம்):

அண்ணா, நான் வாகன ஆவண வேலைகள் செய்பவன். மேலே ஐயா சொன்ன கணக்கு இரும்புக்கு. ஆவணம் இல்லாவிட்டால் அந்தக் கணக்கில் பாதியை அடித்துவிடலாம், ஏனென்றால் நாளை நீங்கள் யாருக்கும் விற்க முடியாது.

வண்டி இன்னும் டாக்டர் பெயரில் இருக்கிறது என்றால், முதலில் படிவம் 31-இல் வாரிசு பெயருக்கு மாற்ற வேண்டும். மகன், மகள் இருவரின் சம்மதமும் எழுத்தில் வேண்டும். அதன் பிறகுதான் படிவம் 29, 30 போட்டு உங்கள் பெயருக்கு வரும். இறந்த மூன்று மாதத்துக்குள் செய்திருக்க வேண்டியது, இத்தனை ஆண்டு ஆனதால் தாமதக் கட்டணம் உண்டு, வரி நிலுவையும் இருக்கும். நீங்களும் கேரளத்துக்காரர் என்பது பெரிய வசதி. பொள்ளாச்சிக்கோ கோவைக்கோ போனால் தடையில்லாச் சான்று, அங்கே மறுபடி வரி என்று இன்னொரு சுமை. எல்லைக்கு அந்தப் பக்கத்து ஆட்கள் இந்த வண்டிக்குக் குறைத்துக் கேட்பதில் இதுவும் ஒரு காரணம்.

2021 ஜூலையில் மத்திய மோட்டார் வாகன விதிகளில் பழங்கால வண்டிகளுக்கென்று தனிப் பதிவு கொண்டுவந்தார்கள். முதல் பதிவிலிருந்து 50 ஆண்டு கடந்திருக்க வேண்டும். உங்கள் வண்டி கடந்துவிட்டது. புதிதாகப் பதிவு செய்பவர்களுக்கு வி.ஏ. என்ற எழுத்து வரும் எண். ஏற்கெனவே பதிவான வண்டி பழைய எண்ணையே வைத்துக்கொள்ளலாம், ஆகவே உங்கள் கே.எல்.பி. எண் போகாது. புதுப் பதிவுக்குக் கட்டணம் 20,000, பத்தாண்டு செல்லும், பிறகு புதுப்பிக்க 5,000. ஆனால் அதில் பதிந்த வண்டியை அன்றாடம் ஓட்டக் கூடாது. கண்காட்சி, பழைய வண்டி ஊர்வலம், தொழில்நுட்ப ஆய்வு, எரிபொருள் போடுவது, பழுது பார்ப்பது இவற்றுக்கு மட்டும்தான் சாலையில் இறக்கலாம். தினமும் எண்ணெய் டின் ஏற்றிப்போக நினைத்தால் அந்த வழி வேண்டாம்.

முக்கியமாக ஒன்று: சேஸி, உடம்பு, எஞ்சின் இவற்றைப் பெரிதாக மாற்றியிருந்தால் பழங்கால வண்டியாக ஏற்க மாட்டார்கள். பல ஹெரால்டுகளில் பிற்காலத்தில் வேறு வண்டியின் எஞ்சினைப் போட்டுவிட்டார்கள். ஆர்.சி. புத்தகத்தில் இருக்கும் எஞ்சின் எண்ணும் சேஸி எண்ணும் வண்டியில் இருப்பதும் ஒன்றா என்று, வாயால் கேட்காமல், துணியால் துடைத்து நீங்களே படித்துப் பாருங்கள்.

செங்கோட்டைப் பெண், செங்கோட்டை:

தம்பி, நான் விற்ற பக்கத்தில் இருந்தவள். அதனால் சொல்லத் தோன்றியது.

எங்கள் அப்பாவுக்கு ஒரு லாண்ட்மாஸ்டர் கார் இருந்தது. புனலூருக்கும் செங்கோட்டைக்கும் இடையே மலையேறி இறங்கிய வண்டி. அப்பா போன பிறகு, 2013-இல், தரகர் ஒருவர் வந்தார். அடியில் படுத்துப் பார்த்துவிட்டு எழுந்து, "அடித்தகடு போய்விட்டது அம்மா, எடைக்குத்தான் ஆகும்" என்று என் தாயிடம் சொன்னார். அம்மா 35,000 வாங்கிக்கொண்டு கொடுத்துவிட்டார். ஆறு மாதம் கழித்து எங்கள் உறவினர் ஒருவர் அதே வண்டி அதே அடித்தகட்டோடு மதுரையில் ஓடுவதைப் பார்த்தார். அம்மாவுக்குப் பணம் போனது வருத்தமில்லை. "உங்கள் அப்பா அடித்தகட்டைத் துருப்பிடிக்க விட்டார் என்று ஒருவன் சொன்னான், நானும் நம்பிவிட்டேனே" என்றுதான் கடைசி வரை சொல்லிக்கொண்டிருந்தார். ஒவ்வொரு மழைக்காலமும் முடிந்ததும் அடியில் எண்ணெய் அடிப்பவர் எங்கள் அப்பா.

அதனால் நீங்கள் எந்த விலையைச் சொன்னாலும், அது எப்படி வந்தது என்பதை ஒரு தாளில் எழுதி அந்த அம்மாவிடம் படித்துக் காட்டுங்கள். குறையைச் சொன்னால் அதைக் கையால் தொட்டுக் காட்டுங்கள். நிறையையும் அதே தாளில் எழுதுங்கள். அவருடைய பிள்ளைகளும் கேட்கும்போது படியுங்கள். "நீயே சொல்" என்று அவர் விட்டுவிட்டதால் அவர் மனத்தில் கேள்வி இல்லை என்று நினைத்துவிடாதீர்கள்.

செக்குக்காரர், கொழிஞ்சாம்பாறை:

எல்லாருக்கும் நன்றி. மூன்று வாரமாக எழுதவில்லை, வேலை முடியட்டும் என்று காத்திருந்தேன்.

ஐயா சொன்னபடி பின்பக்கத்திலிருந்து தொடங்கினேன். கண்ணாடி எல்லாம் முழுசாக இருக்கின்றன. பின்கதவு சரியாகப் பூட்டுகிறது, ஆனால் ரப்பர் பீடிங் பொடியாகிவிட்டது, கதவின் அடிப்பக்கத்தில் கை அகலத்துக்குத் துருப்பிடித்து ஓட்டை. மடிக்கும் இருக்கையின் பலகை நன்றாக இருக்கிறது, மெத்தையை எலி தின்றுவிட்டது. நான்கு கதவில் மூன்று தானாகப் பூட்டில் உட்கார்ந்தன. இடது பக்கத்துப் பின் இருக்கைக் கதவைத் தூக்கித் தள்ள வேண்டியிருந்தது. கொட்டகையில் அந்த மூலையில்தான் பசு கட்டியிருந்தார்களாம். அடியில் பார்த்தால் அந்த இடத்துச் சேஸிக் கை உதிர்கிறது. ட்ரன்னியனில் கிரீஸ். எஞ்சின் முதல் நாள் அசையவில்லை, ஐந்தாம் நாள் சுற்றியது. புல்லியில் அசைவு கொஞ்சம்தான். எண்கள் இரண்டும் ஆர்.சி. புத்தகத்தோடு சரியாக இருக்கின்றன.

எதிர்பாராத ஒன்று நல்லதாக வந்தது. மருந்து அலமாரிக்குக் கீழே ஒரு மரப்பெட்டி. 1988-இல் தொழிற்சாலை உற்பத்தியை நிறுத்தியபோது டாக்டர் சென்னைக்குப் போய் வாங்கி வைத்த உதிரிச் சாமான்கள்: பிரிக்காத ட்ரன்னியன் இரண்டு செட், பின் விளக்கு மூடிகள், ஒரு பின் ஜன்னல் கண்ணாடி, கார்புரேட்டர் கிட். அந்தக் கண்ணாடியைத் துணி பிரித்துப் பார்த்தபோது என் கை நடுங்கியது. அதோடு ஒரு பயணக் குறிப்பேடும் இருந்தது. ஒவ்வொரு பயணத்தையும் டாக்டர் எழுதியிருக்கிறார். 1984-ஆம் ஆண்டுப் பக்கங்களைப் புரட்டினேன். "பாலக்காடு, பிரசவம், போய்வர 54 கி.மீ." என்று ஒரு வரி. எங்கள் வீட்டுப் பெயரும் பக்கத்தில் இருந்தது.

செங்கோட்டை அக்கா சொன்னபடி தாளில் எழுதினேன். 1,59,000-இல் தொடங்கி, பின்கதவுக்கு 10,000, சேஸிக் கைக்கு 15,000 கழித்தேன். மரப்பெட்டிக்கு 30,000 கூட்டினேன். 1,64,000 வந்தது. ஆவணச் செலவு முழுவதும் என்னுடையது என்றும் எழுதினேன். மகளையும் மகனையும் தொலைபேசியில் கேட்கச் சொல்லி, டாக்டரம்மா முன்னால் வரி வரியாகப் படித்தேன். "எஞ்சினுக்கு அறுபதாயிரமா? 1998-இல் அவர் சிலிண்டர் ரீபோர் பண்ணியபோது ஒன்பதாயிரம்தானே ஆயிற்று" என்று அவர் கேட்டார். கொட்டகைக்குக் கூட்டிப்போய் ஓட்டையையும் உதிர்கிற இடத்தையும் தொட்டுக் காட்டினேன். விரலில் ஒட்டிய துருவைச் சேலை முந்தானையில் துடைத்துக்கொண்டு, அடுத்த வரியைப் படி என்றார்.

மகன் அந்த 8 லட்சத்தைப் பற்றிக் கேட்டார். கேட்டது நியாயம்தான். கொச்சிக்காரரின் தொலைபேசி எண்ணை அவருக்கே கொடுத்து, துருவின் படங்களையும் மரப்பெட்டியின் படங்களையும் அனுப்பச் சொல்லி, பத்து நாள் காத்திருந்தேன். அந்தப் பத்து நாளும் எனக்கு நெஞ்சு அடித்துக்கொண்டே இருந்தது. எல்லாப் படங்களையும் பார்த்த பிறகு கொச்சிக்காரர் 1,20,000 என்றார். மகன் என்னைக் கூப்பிட்டு, உங்கள் தாளே இருக்கட்டும் என்றார்.

முழுத் தொகையாக 1,65,000 என்று முடிந்தது. வங்கியில் போட்டுவிட்டேன். வாரிசுச் சம்மதம் இரண்டும் வந்துவிட்டன, படிவம் 31 சித்தூரில் கொடுத்தாயிற்று. அன்றாடம் ஓட்டப் போவதில்லை என்று முடிவு செய்து பழங்கால வண்டிப் பதிவுக்கே போகிறேன். குறிப்பேட்டை டாக்டரம்மா வைத்துக்கொண்டார். 1984-ஆம் ஆண்டுப் பக்கத்தை மட்டும் நகல் எடுத்து அம்மாவிடம் கொடுத்தேன்.

ஐயா, வண்டியைக் கொட்டகையிலிருந்து என் செக்குக்குக் கொண்டுவர வேண்டும். இரண்டு கிலோமீட்டர்தான். டிராக்டரில் கயிறு கட்டி இழுக்கலாமா?

பழைய ஸ்பேனர், பொள்ளாச்சி:

இழுக்காதே தம்பி. கிரீஸ் காய்ந்த ட்ரன்னியன் இருபது ஆண்டுக்குப் பிறகு முதல் திருப்பத்திலேயே ஒடியலாம். பிரேக்கும் இல்லை. ஸ்டீயரிங்கைத் திருப்பாமல், பலகை போட்டு நேராக உருட்டி, தட்டையான லாரியில் ஏற்று. ஏற்றும்போது பின்கதவைப் பிடித்துத் தள்ள யாரையும் விடாதே, பம்பரின் இரு பக்கத்துக் கொக்கியருகே கை வைக்கச் சொல். கண்ணாடிப் பெட்டியை வண்டிக்குள் வைக்காமல் நீயே மடியில் வைத்துக் கொண்டுபோ.

ஞாயிறு காலை ஏழு மணிக்குக் கோபாலபுரம் வழியாக வந்துவிடுகிறேன். கியர் ஆயிலும் என் பழைய ஸ்பேனர் செட்டும் கொண்டுவருகிறேன். நான் வரும் வரை முன் சக்கரத்தில் கை வைக்காதே.